இடாப்பில் இல்லாத பெயர்

வகுப்பு இடாப்பை விரித்துப் பெயர்களை அழைப்பதோடு ஓர் ஆசிரியையின் நாள் தொடங்குகின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதனைச் செய்து வருகின்றேன். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், முகவரி, சேர்விலக்கம் ஆகியவையும், நாள்தோறும் இடப்படும் சிறு குறிகளுமே அதிற் காணப்படும். ஆயினும், ஒரு பிள்ளை இந்நாட்டிலே பிள்ளையாகவே மதிக்கப்பட்டது என்பதற்கு அந்த இடாப்பைக் காட்டிலும் உறுதியான சான்று அரிது என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் என் மனத்தில் வேரூன்றிவிட்டது. சுரண்டலுக்கும் மனித வியாபாரத்துக்கும் பிள்ளைகள் இரையாகாது காத்தற்குப் பாடசாலையிற் கற்பிக்கத்தக்கது யாது என எழுதித் தருமாறு தமிழ்ச் சங்கத்து மாணவர்கள் என்னைக் கேட்டனர். அறிவுரை எழுதுதல் எளிது. அதனை எழுதுதற்கு எனக்குள்ள தகுதி எத்தகையது என்பதையும் உடன் எழுதுவதே நேர்மையாகும்.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரையும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே நகரமும், கந்தோர்களும், பெரிய பாடசாலைகளும், பிரதான வீதியும் அமைந்தன. படுவான்கரையிலே வயலும், மாட்டுப் பட்டியும், காடும், பழைய கோயில்களும் அமைந்தன. நெல்லும் தயிரும் அங்கிருந்து இங்கு வந்தன. துணியும் உப்பும் மருந்தும் இங்கிருந்து அங்குச் சென்றன. நான் பணியேற்ற காலத்தில், குருக்கள்மடத்துத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குப் ‘பாதை’யில் ஏறிச் செல்வேன். துவிச்சக்கர வண்டிகளும், நெல் மூடைகளும், ஆசிரியர்களுமாக அம்மிதவை மெல்ல மெல்ல நகரும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் வாவியைக் கடத்தல் சில நிமிட வேலையாயிற்று. ஆயினும், இரு கரைகளுக்குமிடையே நீண்ட காலமாய் நடந்த போக்குவரவில் நெல்லோடும் தயிரோடும் சேர்த்து எண்ணப்படாத ஒன்றும் இருந்தது. அது பிள்ளைகள். அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

ஒன்பதாந் தரத்துக்கு ‘வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியற் கல்வியும்’ என்னும் பாடத்தை நான் எடுத்து வந்தேன். ஒரு நாட் காலை ‘ஆட்கடத்தல்’ என்று கரும்பலகையில் எழுதி, இதன் பொருள் யாதென்று மாணவரை வினவினேன். முன்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “எங்கட மாமாவ வெள்ளை வானில ஏத்திக் கொண்டு போன மாதிரி, ரீச்சர்” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. அவன் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த செயல் அது. வீட்டிலே மாட்டப்பட்டிருந்த படத்தினின்றும், அம்மம்மாவின் அழுகையினின்றும் அவன் அதனை அறிந்திருந்தான். அச்சொல்லுக்கு எம்மண்ணிலே வேறொரு பொருள் முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ‘கடத்தல்’ என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு இரவும், வாகனமும், முகமூடியும், பலவந்தமும் நினைவுக்கு வருகின்றன. நான் கற்பிக்க எண்ணியதோ பட்டப்பகலில், முற்றத்திலே கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, வீட்டார் யாவரும் சம்மதித்து நடப்பது. முன்னையதற்கு அஞ்சப் பழகிய பிள்ளை பின்னையதை அடையாளங் காணாது. ‘ஆட்கடத்தல்’ என்பதை அழித்துவிட்டு ‘மனித வியாபாரம்’ என்று எழுதினேன். வியாபாரம் என்றால் அவர்களுக்கு விளங்கும். வியாபாரத்திலே வற்புறுத்தல் இல்லை, புன்சிரிப்பு உண்டு.

சட்டம் கூறுவதையும் என்னால் இயன்ற அளவு எளிமையாக விளக்கினேன். ஐக்கிய நாடுகள் சபை இதுபற்றி 2000 இல் ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. இலங்கை 2006 இல் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தனது தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி, மனித வியாபாரக் குற்றத்தை விரிவாக வரையறுத்தது. அதன்படி, ஒருவரைச் சேர்த்தலோ, கொண்டு செல்லலோ, ஒப்படைத்தலோ, தங்க வைத்தலோ முதலாவது கூறு. அச்சுறுத்தல், பலவந்தம், மோசடி, ஏமாற்று, பிறரது இயலாமையைப் பயன்படுத்தல் என்பன இரண்டாவது கூறு. கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், பாலியற் சுரண்டல் போன்ற நோக்கம் மூன்றாவது கூறு. வளர்ந்தவர் திறத்தில் இம்மூன்றும் பொருந்த வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் திறத்தில் இரண்டாவது கூறு தேவைப்படாது. பிள்ளை சம்மதித்தது என்னும் வாதம் அங்குச் செல்லாது. அதே திருத்தச் சட்டம் கடனுக்கு ஆளை அடிமைப்படுத்துவதையும், பிள்ளைகளைப் போருக்குச் சேர்ப்பதையும் குற்றமென விதித்தது. இப்பகுதியிற் பிள்ளைகள் துவக்குத் தூக்க அழைத்துச் செல்லப்பட்ட காலத்தைக் கண்ட தாய்மார் இன்னும் உயிருடன் இருக்கின்றனர். ஆதலால், அந்த விதியை வாசித்தபோது வகுப்பிலே விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பாடம் முடியும் தறுவாயிற் பின்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, “வீட்டில வேலைக்கு நிக்கிற பிள்ளையும் இதுக்குள்ள வருமா ரீச்சர்?” என்று கேட்டாள்.

ஆசிரியர்க்குரிய விடையையே கூறினேன். வீட்டு வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனித வியாபாரத்துக்கு உட்பட்டவர் அல்லர் என்றும், பிள்ளையைப் படிக்கவிடாது, சம்பளமின்றி, திரும்பிச் செல்லும் வழியுமின்றி வைத்திருப்பது சுரண்டலே என்றும் சொன்னேன். விடை சரியானதே. ஆனால், அதனைச் சொல்லும்போது என் கண் அப்பிள்ளையை நோக்கவில்லை. மணி அடித்தது. சுண்ணக்கட்டியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை எனது வயதினர் எவரும் மறவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்து பார்க்கையில் எங்கள் ஊர்த் தென்னைகள் முறிந்தும் சரிந்தும் கிடந்தன. ஓலை வேய்ந்த வீடுகள் இருந்த இடந் தெரியவில்லை. எங்களது கல்வீடு, ஓடுகள் மாத்திரமே பறந்தன. சில வாரங்களின் பின், படுவான்கரையிலிருந்து எங்களுக்கு நெல் கொண்டுவந்து தரும் ஒருவர் தமது மகளையும் உடன் அழைத்து வந்தார். அவளுக்கும் என் வயதுதான். “வீடு வாசல் ஒண்டும் இல்ல ஐயா, இவள் உங்கட வீட்டில ஒரு வாய் சோறு திண்டு கொண்டு கிடக்கட்டும்” என்று அவர் என் தந்தையாரிடம் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. தரகர் எவரும் இல்லை, பொய் இல்லை, பணம் கைமாறவில்லை. அழுதவர் அந்தத் தகப்பன் ஒருவரே. அவள் அழவில்லை.

அவள் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தாள். அதிகாலையில் எழுந்து முற்றங் கூட்டுவாள், தண்ணீர் அள்ளுவாள், என் தம்பியை இடுப்பிற் சுமப்பாள். நான் பாடசாலைக்குப் புறப்படும்போது என் கூந்தலைப் பின்னி விடுபவளும் அவளே. அடிக்கப்பட்டாள் என்று சொல்ல முடியாது. பட்டினி போடப்பட்டாள் என்றும் சொல்ல முடியாது. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தோம். என் தந்தையாரும் ஓர் ஆசிரியர். வெள்ளை வேட்டியும் சட்டையுமாய், கட்டுக் குடையுமாய், நாள்தோறும் பாடசாலைக்குச் சென்று இடாப்பை விரித்து நாற்பது பிள்ளைகளின் பெயரை அழைத்தவர். வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையிலே தேடிச் சென்று தகப்பனைக் கண்டிப்பவர். தமது வீட்டு அடுப்படியில் இருந்த ஒரு பெயர் எந்த இடாப்பிலும் இல்லை என்பது அவர் கண்ணிற் படவேயில்லை. அவரை நான் குறை கூறுவது எளிது. நானும் ஏழு ஆண்டுகள் அவளோடு ஒரே பாயில் உறங்கினேன். ஒரு நாளாவது ஓர் எழுத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

1985 இல் உறவினர் வந்து அவளை அழைத்துச் சென்றனர். திருமணமாயிற்று என்று கேள்வியுற்றோம். 1989 இல் குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றாள். மறு ஆண்டு ஆகத்து 2 ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுட் புகுந்தபோது, ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளரோடு பாலைவழியாக யோர்தானுக்கு ஓடி, அங்கு அகதி முகாமில் இருந்து, வெறுங்கையுடன் மீண்டாள். இவையெல்லாம் பின்னர் அவளே கூறி அறிந்தவை. 2004 திசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோளின் பின்னர், எமது பாடசாலையொன்றில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்தனர். நான் அங்குத் தொண்டுப் பணியில் இருந்தேன். நிவாரணப் படிவம் ஒன்றைக் கையிற் பிடித்தவாறு ஒரு பெண் என்னிடம் வந்தாள். சிறிது நேரம் என் முகத்தை நோக்கி நின்றவள், “பிள்ளை, இதுல என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே” என்றாள்.

அவள் குரலில் ஏளனமோ சினமோ இருக்கவில்லை. தெரிந்தவரிடம் தெரிந்ததைச் சொன்னாள். படிவத்தை நிரப்பினேன். கையொப்பத்துக்குரிய இடத்தில் அவள் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினாள். குவைத்துக்குச் செல்லுமுன் தரகர் நீட்டிய தாளிலும் அவ்வாறே ஒற்றியதாகச் சொன்னாள். அத்தாளில் எழுதியிருந்தது யாதென்று அன்றும் அவளுக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

இதனை நினைக்குந்தோறும் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதை என் மனத்தில் எழும். நாடறிந்த கதையாயினும், ஆசிரியர் கண்கொண்டு நோக்குவோர் சிலரே. பிறப்புச் சான்றிதழின்படி அவள் பிறந்த ஆண்டு 1988. வறிய குடும்பம். 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவளது கடவுச்சீட்டில் 1982 என்று எழுதப்பட்டிருந்தது. அவள் வாழ்விலிருந்து ஆறு ஆண்டுகள் ஓர் எழுதுகோலால் நீக்கப்பட்டன. குழந்தை பராமரிப்பிற் பயிற்சியில்லாத பதினேழு வயதுச் சிறுமியின் கையில் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. பாலூட்டுகையில் மூச்சடைத்தது என்று அவள் சொன்னாள். கொலை என்று நீதிமன்றம் கொண்டது. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவள் பேசிய மொழியை அங்குச் சரிவர மொழிபெயர்ப்பார் இல்லை என்னும் முறைப்பாடும், அவள் உண்மையான வயதைக் காட்டும் சான்றுகளும் பலமுறை எடுத்துரைக்கப்பட்டன. 2013 சனவரி 9 ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊரிலே அவளது வயதை அறிந்தோர் பலர். கடவுச்சீட்டின் பொய்யை மறுக்கவல்ல எழுத்து ஊரிலேயே இருந்தது. வயதை மாற்றி எழுதும்போது அதனை எவரும் எடுத்துக் காட்டவில்லை. எடுத்துக் காட்டியபோது காலங் கடந்துவிட்டது.

அதன் பின் வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களின் வயதெல்லை உயர்த்தப்பட்டது. சிறு பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வாயில் ஒன்று அடைபட்டால் வேலியிற் பொட்டு வைப்பது தரகரின் தொழில். சுற்றுலா விசாவில் அனுப்புதல் பெருகிற்று. நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்த 2022 இல், அவ்வாறு ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட பெண்கள் விலைபேசப்பட்ட செய்தி வெளியாகி நாட்டை உலுக்கியது. அதற்கு முந்திய ஆண்டு யூலையிலே, மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலைக்கு அமர்த்தப்பட்ட வீட்டிலே எரிகாயமுற்று மருத்துவமனையில் இறந்தாள். இளைஞரும் தப்பவில்லை. தாய்லாந்திற் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட எம்நாட்டு வாலிபர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலே இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, பின்னர் மீட்கப்பட்டதை அண்மை ஆண்டுகளிற் கண்டோம். சூறாவளி, போர், கடற்கோள், பஞ்சம் என அழிவு எதுவாயினும், அது ஓய்ந்தவுடன் முற்றத்துக்கு ஒருவர் வருகின்றார். அவர் அந்நியர் அல்லர். பெரும்பாலும் மாமன் முறையானவர். அல்லது அடுத்த தெருவில் ஏற்கெனவே வெளிநாடு சென்று மீண்டவர்.

எமது பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மட்டக்களப்பிலே பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தல் மரபு. தாயின் வீடு மகளுக்குச் செல்லும். தாயும் தகப்பனும் குசினியோரமாய் ஒதுங்குவர், அல்லது வேறொரு குடிலிற் சென்று வாழ்வர். இரண்டு பெண்பிள்ளைகள் இருப்பின் இரண்டு வீடுகள் வேண்டும். பெண்ணுக்கு மண்ணில் உரிமை தந்த இம்மரபைப் போற்றுவோர் பலர். நானும் அவர்களுள் ஒருத்தி. ஆனால், போரும் கடற்கோளும் வீடுகளை அழித்த பின்னர், அதே மரபு தாய்மாரை மத்திய கிழக்குக்கு அனுப்பியது. மகளுக்கு வீடு கட்டத் தாய் செல்கின்றாள். தாயில்லா வீட்டிலே மகள் படிப்பை விடுகின்றாள். அத்திவாரத்தோடு நின்ற வீட்டை முடிக்க மகளும் புறப்படுகின்றாள். கூரையில்லாத சுவர்கள் படுவான்கரையெங்கும் இக்கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிற் பத்தாந் தரம் பயின்ற ஒரு பெண்பிள்ளை பதினொரு நாள்கள் தொடர்ச்சியாக வரவில்லை. இடாப்பின் அந்த வரி என்னை உறுத்திற்று. பன்னிரண்டாம் நாள் மாலை தேடிச் சென்றேன். தாய் வெளிநாட்டில், தகப்பன் வேறு குடும்பத்தில். அம்மம்மா வரவேற்றாள். “இரிங்க மனே, தேத்தண்ணி குடிங்க” என்று சொல்லிவிட்டு, நான் கேளாமலே தொடங்கினாள். கொழும்பிலே நல்ல இடமாம், கைக்குழந்தையைப் பார்ப்பதுதான் வேலையாம், சாதாரண தரப் பரீட்சையை அங்கிருந்தே எழுதலாமாம், கொண்டுபோகிறவர் சொந்தக்காரராம். முற்பணமும் வாங்கியாயிற்று. அது கிழமைக் கடனுக்குக் கட்டப்பட்டுவிட்டது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 இல் விதிக்கப்பட்டதையும், வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021 இல் பதினாறாக உயர்த்தப்பட்டதையும் நான் எடுத்துச் சொன்னேன். கிழவி பொறுமையோடு கேட்டுவிட்டு, “சட்டம் வந்து கடன் கட்டுமா மனே?” என்றாள். என்னிடம் விடை இல்லை. பிள்ளை கதவருகே நின்றாள். நீ போக விரும்புகின்றாயா என்று கேட்டேன். “அம்மம்மாக்கு ஏலா ரீச்சர்” என்று மாத்திரம் சொன்னாள். விருப்பம் என்பது அவளிடம் கேட்கப்படும் கேள்வி அன்று என்பதை அவள் என்னிலும் நன்கு அறிந்திருந்தாள்.

நான் செய்தது பெரிய செயல் அன்று. அதிபரிடம் சொன்னேன். பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை அழைத்துச் சென்றேன். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலன்றி அவ்வீட்டார் தலை நிமிர முடியாது என்று கண்டு, ஆசிரியர் அறையிற் கை நீட்டினேன். சிலர் தந்தனர். ஒருவர், “இன்று ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள், அப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அவர் கருணையில்லாதவர் அல்லர், கேள்வியும் பிழையன்று. பணம் சேர்ந்தது, திருப்பிக் கொடுக்கப்பட்டது, பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வந்தாள், பரீட்சையும் எழுதினாள். பெரிய சித்தி இல்லை. ஆனால் பதினெட்டு வயது வரை ஊரிலே இருந்தாள்.

இதனை வெற்றியென்று எழுதி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. அதே தவணையில், அதே வகுப்பிலே, ஓர் ஆண்பிள்ளையும் வராமல் நின்றான். தெற்கே ஒரு நகரத்துக் கடைக்கு வேலைக்குச் சென்றான் என்பதை தவணை முடிவில் இடாப்பைக் கூட்டும்போதுதான் கவனித்தேன். ஆண்பிள்ளை உழைக்கப் போவது எங்கள் கண்ணுக்கு இயல்பாகவே தோன்றுகின்றது. அவனைத் தேடி நான் செல்லவில்லை. அவன் திரும்பவுமில்லை.

அப்படியாயின் பாடசாலையில் எதனைக் கற்பிப்பது? அச்சத்தைக் கற்பித்தாற் போதாது. அந்நியரை நம்பாதே என்னும் பாடம், உறவினர் வடிவில் வருபவரிடம் பயனற்றுப் போகும். நான் இப்போது கற்பிப்பவை மிகச் சிறியவை. முதலாவது, வயதும் பெயரும் மாற்றி எழுதப்படும் எந்தத் தாளும் நன்மைக்கு அன்று. பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒவ்வொரு பிள்ளையும் மனனஞ் செய்திருக்க வேண்டும். கடவுச்சீட்டைப் பிறர் வாங்கி வைத்துக்கொள்ள விடலாகாது. இரண்டாவது, முற்பணம் கொடை அன்று, அது கயிறு. யார், எதற்காக, எவ்வளவு தருகின்றார் என்று கணிதப் பாடத்திலேயே கணக்கிடச் செய்கின்றேன். மூன்றாவது, வாசிக்காமல் ஒப்பமிடாதே. விளங்காவிடின் ஆசிரியரிடம் கொண்டு வா. இதனைச் சொல்லும்போது என் குரல் சற்றே தடைப்படுவதை மாணவர் கவனித்திருப்பர்.

நான்காவது, இலக்கங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1929. பிள்ளைகள் மறவாதிருக்க ஒரு வழி கண்டேன். சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை ஆரம்பித்த ஆண்டும் 1929. சாதி சமய பேதமின்றி, வறியவரின் பிள்ளைகளும் கற்க வேண்டுமென்று அவர் பாடசாலை எழுப்பிய ஆண்டே உங்களைக் காக்கும் இலக்கம் என்று சொல்லுவேன். அதன்பின் எவரும் அதனை மறந்ததில்லை. பெண்களுக்கு 1938; வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989. அவ்விலக்கத்தை அழைத்தால் தமிழிலே விடை கிடைக்க வேண்டும் என்பது எம் கோரிக்கையாக இருத்தல் வேண்டும். துன்பத்தில் இருக்கும் பிள்ளை மொழிபெயர்த்துப் பேசமாட்டாது.

ஐந்தாவதே கடினமானது. மனித வியாபாரம் வேறெங்கோ, வேறெவரோ செய்வது என்னும் எண்ணத்தை நீக்குதல். வாங்குவோர் இல்லாமல் வியாபாரம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியிலே, எங்கள் மாமாவின் கடையிலே, எங்கள் சின்னம்மாவின் பிள்ளைத்தொட்டிலின் அருகே நிற்கும் பிள்ளையைப் பார்க்கக் கற்பியாத பாடம் பாதிப் பாடமே. ஆசிரியர் குடும்பங்களும், எழுதுவினைஞர் குடும்பங்களும் இதிலிருந்து விலகி நின்றவை அல்ல.

சென்ற ஆண்டு என் தாயாரிடம் அவளைப்பற்றிப் பேசினேன். எண்பதைக் கடந்த தாயார் சினந்தார். “அவளுக்கு நாங்க என்ன குறை வச்ச? அவள்ற வீட்டில இருந்திருந்தா பட்டினியில செத்திருப்பாள்” என்றார். அதுவும் பொய்யன்று என்பதே என் துயரம். சூறாவளியின் பின் சோறு கொடுத்தோம். அதற்கு விலையாக எழுத்தை எடுத்துக்கொண்டோம். சோற்றையும் எழுத்தையும் சேர்த்துக் கொடுக்க எங்கள் வீட்டில் வசதி இருந்தது. பாடசாலை கால் மைல் தூரத்திலேயே இருந்தது. இலவசக் கல்வி 1945 இலேயே வந்துவிட்டது. வராதது எங்களுக்கு அந்த எண்ணம் மாத்திரமே.

அந்தப் பின்வரிசைப் பிள்ளையின் கேள்விக்கு நான் முழுமையாக விடையளித்தது நீண்ட காலத்தின் பின்னர், வேறொரு வகுப்புக்கு. பாடத்தின் இறுதியிலே, “இப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தாள், அவளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை” என்று கூறினேன். வகுப்பிலே சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. என்மீது அவர்களுக்கிருந்த மதிப்புக் குறைந்திருக்கலாம். ஆனால் மறுநாள் ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலிலே தயங்கி நின்று, “எங்கட பெரியம்மா வீட்டிலயும் ஒரு பிள்ளை நிக்கிறாள் ரீச்சர். பதின்மூன்று வயது. என்ன செய்யலாம்?” என்று கேட்டாள். நான் சட்டங்களை விளக்கிய ஆண்டுகளில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

அவளது பெரியம்மாவோடு பேசச் சென்றோம். மனத்தாங்கல் வந்தது, முகத்தைத் திருப்பிக் கொண்டனர், ஆயினும் இரண்டு மாதங்களின் பின் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்தாள். தன்னிலும் இளைய பிள்ளைகளோடு அமர வேண்டியிருந்தது. அவளுடைய வகுப்பாசிரியை புதிய வரியில் அவள் பெயரை எழுதும்போது நான் அருகில் நின்றேன். பிறந்த திகதி கேட்கப்பட்டது. பிள்ளைக்குத் தெரியவில்லை. “பிறப்புச் சான்றிதழ் எடுத்து எழுதுவோம், இப்போதைக்கு அந்த இடத்தை விட்டு வையுங்கள்” என்றேன்.

அந்த இடம் சில வாரங்கள் வெறுமையாகவே இருந்தது. பின்னர் நிரப்பப்பட்டது.